ஒன்பதாம் மாடிக்கு வந்த ஹைலாம்காரி

செத்துப்போனவர்கள் ஏழாம் நாள் திரும்பி வந்தால் அவரவர் வீட்டுக்குத்தான் வருவார்கள், அதுதான் முறை, அதுதான் மரியாதை. ஆனால் ஃபூ குடும்பத்துக் கிழவியோ எண்பத்து நான்கு வருஷம் யார் பேச்சையும் தட்டாமல் வாழ்ந்து முடித்துவிட்டு, செத்த பிறகுதான் முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்கு நடந்தாள். அவளுடைய கடைசி மகன் ஜீ ஹியாங், அவர்கள் வழக்கப்படி, வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் தரையில் மாவைத் தூவி, மேசைமேல் சோறும் கோழியும் வைத்து, வந்து போகிறவளைக் கண்ணால் பார்த்துவிடக் கூடாது என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டான். காலையில் திறந்து பார்த்தால் சின்னஞ்சிறு பாதங்கள் இரண்டும் வாசலில் நுழைந்து, மேசையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, சோற்றைத் தொடாமல் வெளியே போயிருந்தன. போனவை மின்தூக்கியில் இறங்கி, நடைபாதையில் திரும்பி, மூன்று பேருந்து நிறுத்தங்களைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தின்மேல் நடந்து, எங்கேயும் மாவு தீராமல், முதல் அடி எவ்வளவு வெள்ளையோ கடைசி அடியும் அவ்வளவு வெள்ளையாக, புளோக் 412இன் ஒன்பதாம் மாடியில் மாவிலைத் தோரணம் கட்டிய ஒரு வாசலில் முடிந்திருந்தன. ஜீ ஹியாங் வீட்டுச் செருப்போடு வந்து நின்றபோது கதவைத் திறந்தவள் ஒரு சீனப் பெண்மணி. சேலை கட்டி, பொட்டு வைத்து, மூக்குத்தி போட்டு, தலையில் ஒரு முழம் மல்லிகையோடு நின்றவள் உள்ளே திரும்பி, "என்னங்க, இந்த அம்மாவத் தேடி யாரோ வந்திருக்காங்க பாருங்க," என்றாள்.

அவள்தான் தனக்கோடி. அறுபத்தோரு வருஷத்துக்கு முன்னால், பிறந்த எட்டாம் மாதத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காத்தமுத்துவின் மனைவி அஞ்சலையின் கையில் கொடுக்கப்பட்ட சீனக் குழந்தை. சிங்கப்பூரில் அது ஒன்றும் அதிசயமில்லை; பெண் வேண்டாம் என்று கொடுத்தவர்கள் இருந்தார்கள், பிள்ளை வேண்டும் என்று வாங்கியவர்கள் இருந்தார்கள், கோயில் வரிசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு காவடிப் பாட்டுப் பாடுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தனக்கோடிக்குத் தமிழ் தெரியும், ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சந்தை மலாய் தெரியும். ஆங்கிலம் ஒரு கைப்பிடி தெரியும். சீனம் மட்டும் ஒரு சொல்கூடத் தெரியாது. மீன் கடையில், மருந்துக் கடையில், பேருந்தில் பக்கத்து இருக்கையில், எல்லோரும் முகத்தைப் பார்த்து மாண்டரினில் ஆரம்பிப்பார்கள். இவள் மலாயில் பதில் சொன்னதும், முகத்தை யாரிடமோ திருடிப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் அவள் அசருவதில்லை. அவளை அரித்தது ஒன்றே ஒன்றுதான். அஞ்சலை ஒரு முறை, ஒரே ஒரு முறை, சொல்லியிருந்தாள்: "ஒன்னைய ஒரு ஹைலாம்காரிதான் குடுத்தா. குடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா." ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களை ஹைலாம் என்பார்கள். ஏன் கொடுத்தாள், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போவோமோ என்ற பயம் அறுபத்தோரு வயதிலும் அவளுக்கு இருந்தது.

அன்று விடிந்ததும் கோலம் போடக் கதவைத் திறந்தவள், இரு கண்ணிலும் புரை விழுந்த ஒரு கிழவி நடைவழிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டு, யார் பெற்ற தாயோ வழி தெரியாமல் வந்துவிட்டாள் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தாள். காப்பி கொடுத்தாள். கிழவி கோப்பையை முகத்தருகே பிடித்து ஆவியை மட்டும் இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீணாக்குவானேன் என்று அதை வாங்கிக் குடித்த தனக்கோடியின் கணவர் மருதப்பன், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு யோசித்தார்.

"தனம், இதுல காப்பியும் இல்ல, சீனியும் இல்ல. எல்லாத்தையும் அந்தம்மா எடுத்துக்கிட்டாங்க. உசுரோட இருக்கறவங்க இல்ல இவங்க."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க? வெளிய போகச் சொல்லவா?"

"நான் அப்படிச் சொன்னேனா? மெத்தைய எடுத்துப் போடுன்னு சொல்ல வந்தேன்."

ஜீ ஹியாங் சந்தை மலாயிலும் ஆங்கிலத்திலுமாகக் கலந்துகட்டி விஷயத்தைச் சொன்னான். அம்மா போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். அண்ணன்மாருக்கு முன்னால் ஒரு பெண் பிறந்ததாகவும், தமிழர் யாரிடமோ கொடுத்துவிட்டதாகவும் அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். வருஷத்தில் ஒரு நாள், அந்தப் பெண்ணைக் கொடுத்த நாளாம், அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டாள். மருதப்பன் தனக்கோடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு தலையிலும் ஒரே மாதிரி விடைத்துக்கொண்டு நின்ற காதுகள். அவர் எழுந்து போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

தனக்கோடி அவன் பக்கம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கேளுங்க தம்பி," என்றாள். "ஏன் குடுத்தாங்கன்னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன். தெரிஞ்சா போதும்."

ஜீ ஹியாங் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், தொலைக்காட்சியிலும் சொன்னார்கள், பேருந்தின் முதுகிலும் எழுதி ஒட்டினார்கள்: சீனர்கள் மாண்டரின் பேசுங்கள், பேச்சு வழக்குகளை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் முன்னுக்கு வரட்டும். அப்பா கெட்டிக்காரர், ஒரே வாரத்தில் வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். அம்மாவுக்கு மாண்டரின் வரவில்லை, பிள்ளைகளிடம் ஹைலாம் பேசக் கூடாது, ஆகவே பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிள்ளைகள் முன்னுக்கு வந்தார்கள். ஜீ ஹியாங்குக்கு அம்மாவின் பேச்சில் மிஞ்சியது முப்பது சொற்கள்: சாப்பிடு, குளி, தூங்கு, வலிக்கிறதா, மருந்து, கதவைச் சாத்து, இப்படி. முப்பது சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மகன் நாற்பது வருஷம் தாயோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறான், அவள் செத்தபோது இறப்புப் பதிவுப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் மாண்டரின் என்று எழுதியும் கொடுத்திருக்கிறான்.

இருக்கிற முப்பதில் தேடி, அவன் அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பிள்ளை. இங்கே," என்றான். கிழவி அவன் குரலை அடையாளம் கண்டு, தோளைப் பிடித்து, பலமாகத் தலையாட்டி, நீளமாக என்னவோ சொல்லிக் கண்ணீர்விட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியும்," என்றான் ஜீ ஹியாங். "அக்கா யாரென்று தெரிந்துதான் வந்திருக்கிறார்." தலையாட்டியதை மூன்று பேருமே பார்த்தார்கள், ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன் பிறகு கிழவி அங்கேயே தங்கிவிட்டாள். ஏழேழு நாற்பத்தொன்பது நாள் வரைதான் தவணை என்று ஜீ ஹியாங் சொல்லிவைத்தான், அதில் ஏழு கழிந்து நாற்பத்திரண்டு பாக்கி. தினமும் விடிந்ததும் அவள் சுவரைத் தடவி நடைவழிக்குப் போவாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர் புளோக்குகளைப் பார்த்து இரண்டே சத்தங்களை உரக்கச் சொல்லுவாள், மூன்று தடவை. பிறகு தனக்கோடி இருக்கும் திசைக்குத் திரும்பி, கைகூப்பி, கெஞ்சுகிற குரலில் நெடுநேரம் பேசுவாள். அது ஏதோ காலைப் பிரார்த்தனை என்று நினைத்து தனக்கோடியும் ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று கும்பிட்டுக்கொள்வாள்.

புளோக் 412 இந்த அதிசயத்தை வெகு சீக்கிரம் செரித்துக்கொண்டது. இரண்டாம் நாள் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் படிவத்தோடு வந்து, கூடுதலாக ஒருவர் தங்கியிருப்பதாகத் தகவல், பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு, இறந்த தேதிக்குப் படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டு, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கிழவிக்கு வணக்கம் சொன்னார். அவள் நான்குக்கும் பேசாமல் இருந்தாள். மின்தூக்கியில் ஏறும்போது ஆட்கள் அவளுக்கு இடம் விட்டு நின்றார்கள். ஏழாம் மாடியில் இருந்த சியூ டீச்சர், முப்பத்தைந்து வருஷம் மாண்டரின் சொல்லிக்கொடுத்தவர், பலகையும் பேனாவும் கொண்டுவந்து, "நான், பேசுவது, புரிகிறதா?" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். கிழவி மரியாதையாகக் கைகூப்பினாள். நாலு நாள் இப்படிப் போராடிவிட்டு, ஐந்தாம் நாள் டீச்சர் பலகையைக் கீழே வைத்து, தன் தாய் பேசியது ஹக்கா என்ற வேறொரு சீனப் பேச்சு என்றும், ஹக்காவில் தனக்குத் தாலாட்டு ஒன்றுதான் நினைவிருக்கிறது என்றும், அதிலும் பாதி மறந்துவிட்டது என்றும் சொல்லி அழுதுவிட்டார்.

டாக்ஸி ஓட்டும் ஹொக்கியன்காரர் லிம் வந்தார், வாத்து வறுக்கும் கான்டனீஸ்காரர் வந்தார், மீன் கடை தியோச்சூ அம்மாள் வந்தாள். அவரவர் வீட்டுச் சீனம் வேறு வேறு; ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு சொல் பிடிபடும்போல் இருந்தது, கிட்ட வந்து நழுவியது. ஆனாலும் அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைவழி நெடுக பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். எங்க அம்மா பேசுற மாதிரியே இருக்கு என்று ஒருவர் சொல்வார். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொருவர் அதையே சொல்வார். தனக்கோடி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

கைத்தொலைபேசியில் பதிந்து வைக்கலாம் என்று பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் வந்தது. செத்தவர்கள் குரல் இயந்திரத்தில் ஒட்டாதாம். அப்போதுதான் தனக்கோடி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். தினமும் காலையில் கிழவி பேசப் பேச, காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினாள். எங்கே சொல் முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் இடைவெளி விடாமல் எழுதினாள். குரல் ஏறினால் மேலே ஒரு கோடு, இறங்கினால் கீழே ஒரு கோடு.

"என்னடி இது, மாந்திரீகமா?" என்றார் மருதப்பன்.

"எங்கம்மா பேசுறாங்க. இன்னிக்கிப் புரியலன்னா என்ன, புரியறவங்க ஒருத்தர் இல்லாமலா போயிருவாங்க?"

ஜீ ஹியாங்கும் தன் பங்குக்கு, ஹைலாம் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் போட்டான். சீனத்தில் எழுத வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் எழுதினான், ஏனென்றால் பரீட்சைக்குப் படித்த சீனம் பரீட்சையோடு போய்விட்டது. சங்கத்தின் காரியதரிசிக்கோ சீனம்தான் வாசிக்க வரும். கடிதம் யாராவது ஆங்கிலம் தெரிந்தவர் வருவதற்காக ஒரு தட்டில் காத்துக் கிடந்தது.

இருபத்து நாலாம் நாள்தான் அது நடந்தது. அன்று காலை கிழவி வழக்கத்தைவிட அதிகமாக அழுதாள். கைகூப்பியபடி முழங்காலிட்டே விட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சியூ டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "இதற்கு மொழி எதற்கு? மன்னிப்புக் கேட்கிறார். ஒரு தாய் வேறு என்ன கேட்பாள்?" லிம் ஆமாம் என்றார். மீன் கடை அம்மாள் மூக்கைச் சிந்தினாள். இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

அறுபத்தோரு வருஷமாகத் தனக்கோடி காத்திருந்த காரணத்தைவிட இது பெரியதாகப் பட்டது. காரணம் கிடக்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் அவள் முழு மனதோடு நினைத்தாள். ஓடிப்போய்க் கிழவியின் முன்னால் தரையில் விழுந்து, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுட்டேம்மா, எப்பவோ மன்னிச்சுட்டேன், எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா, நல்லாத்தான் வளத்தாங்க," என்று தமிழில் கதறினாள். கிழவியின் விரல்கள் மெதுவாக அசைந்தன. மல்லிகைச் சரத்தைத் தொட்டன, காதுத் தோட்டைத் தொட்டன, மூக்குத்தியில் ஒரு கணம் நின்றன. பிறகு தோளுக்கு இறங்கி, இரண்டு தட்டுத் தட்டின. கிழவி மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று ஒன்பதாம் மாடியிடம் கல்யாண வீடு தோற்றது. மருதப்பன் கேசரி கிண்டினார், வாத்துக்கடைக்காரர் முழு வாத்து ஒன்று கொண்டுவந்தார், ஜீ ஹியாங் குடும்பத்தோடு வந்து, "அக்கா," என்று தமிழிலேயே கூப்பிட்டுப் பழகினான். கிழவி எல்லாத் தட்டிலிருந்தும் ஆவியை இழுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் விளங்கிவிட்டதால் அதன்பின் யாரும் ஹைலாம் தெரிந்த ஆள் தேடவில்லை. சங்கத்தில் விசாரிக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்த லிம் போகவில்லை. சியூ டீச்சர் தனக்குத் தெரிந்த முதியோர் இல்லங்களுக்குத் தொலைபேசி போடுவதை நிறுத்திக்கொண்டார். மிச்சம் இருந்த இருபத்தைந்து நாளும் கிழவி காலையில் நடைவழிக்குப் போய் அதே இரண்டு சத்தங்களைக் கூவினாள், அதே மாதிரிக் கைகூப்பினாள். தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, எத்தன வாட்டி மன்னிப்புக் கேப்பீங்க?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை, கிழவி சுருக்கமாகப் பேசினாள். பேசி முடித்துத் தனக்கோடியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வாசலில் போட்டிருந்த கோலத்தின்மேல் நடந்து வெளியே போனாள். வழியனுப்ப வந்தவர்கள் இரண்டு பக்கமும் கைகூப்பி நின்றார்கள். கோலமாவு அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே போனது. அவள் மறைந்த பிறகு பார்த்தால், ஏழாம் மாடியில் கண்ணம்மாள் வீட்டு வாசலிலும், நாலாம் மாடியில் கோவிந்தராஜு வீட்டு வாசலிலும், அடுத்த புளோக்கில் இன்னும் மூன்று தமிழர் வாசல்களிலும் இரண்டு வெள்ளைப் பாதங்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன, பிறகு திரும்பியிருந்தன. கடைசிச் சுவடு பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. தனக்கோடியின் சனங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி என்று பேசிக்கொண்டார்கள். கண்ணம்மாள் தன் வாசல் சுவட்டின்மேல் கண்ணாடி வைத்து மூடினாள்.

எண்பதாம் நாள் வாக்கில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம், ஹான் தெக் ஜுவான் என்று ஒருவர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர், தொண்ணூறு வயது, ஊர்ப் பேச்சு சுத்தமாகப் பேசுவார், இன்ன முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று எழுதியிருந்தது. அம்மா சொன்ன மன்னிப்பைச் சொல்லுக்குச் சொல் கேட்டுவிட்டு வரலாம் என்று தனக்கோடி நோட்டை எடுத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள்.

ஹான் சக்கர நாற்காலியில் சன்னலோரம் இருந்தார். அவருக்குத் தெரிந்த சந்தை மலாயும் இவளுக்குத் தெரிந்த சந்தை மலாயும் ஒத்துப்போயின. அவர் ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறதாம். "வாசிங்க, வாசிங்க," என்றார்.

தனக்கோடி முதல் பக்கத்தை வாசித்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஹைலாம் பேசுற தமிழாளை இப்பதான் பார்க்கிறேன். மெதுவா, மறுபடி." இரண்டாம் தடவை அவள் கோடுகளைப் பார்த்துக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். மூன்றாம் தடவை அவர் சிரிக்கவில்லை.

"யார்கிட்டச் சொன்னாங்க இதை?"

"எங்கிட்டத்தான்."

ஹான் வரிவரியாக மலாயில் சொன்னார். "வீட்டுக்கார அம்மா, நீங்க நல்லா இருக்கணும். யாரு என்னன்னு கேட்காம உட்கார வச்சிருக்கீங்க. உங்க பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒரு மகள் இருக்கா. உங்க சனத்துக்கிட்டத்தான் கொடுத்தேன், எந்த வீடுன்னு தெரியலை. கண்ணு தெரியலை. என் காலு இந்த வாசல்ல கொண்டுவந்து விட்டிருச்சு, ஆனா இங்க நீங்கதான் இருக்கீங்க. பக்கத்துல வேற தமிழாளுங்க வீடு இருந்தா என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

தனக்கோடி நோட்டின் பக்கத்தைப் புரட்டினாள். வாசித்தாள். அவர் சொன்னார். "பேசினா அவளுக்குப் புரியும். என் வயித்துல பிறந்தவளுக்கு என் பேச்சு புரியாமப் போகுமா? அதான் தினமும் உங்க வாசல்ல நின்னு கூப்பிடுறேன்."

"கூப்பிடுறாங்களா? அது சாமி கும்பிடுறது இல்லையா? அந்த ரெண்டு சத்தம்?"

"லான் கியாவ். பேருதானே அது. பொம்பளைப் பிள்ளைக்கு வைக்கிற பேரு."

தனக்கோடிக்குத் தன் பெயர் தெரியவந்தது அப்படித்தான். நாற்பத்திரண்டு நாள், நாளைக்கு மூன்று தடவை, பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒரு கை தூரத்தில் கைகூப்பி நின்றிருக்கிறாள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் இருபத்து நாலாம் நாள் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள்.

ஹான் அதையும் மலாயில் சொன்னார். "பூ வச்சிருக்கீங்க, மூக்குத்தி போட்டிருக்கீங்க, மகராசியா இருங்க. ஏம்மா இப்படி அழறீங்க? உங்க வீட்டுலயும் யாராவது செத்துட்டாங்களா?"

மூன்று பின்னேரங்கள் அவள் போய் முழு நோட்டையும் வாசித்தாள். ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு இருந்தது, அது ஹானுக்கும் தெரியும். "ஏன் கொடுத்தேன்னு எங்கேயாவது சொல்றாங்களா?" என்று மூன்றாம் நாள் கேட்டாள். ஒரு இடத்தில் வருகிறது என்றார் அவர், முப்பதாம் நாள் பக்கத்தில். "ஏன் கொடுத்தேன்கிறதை அவகிட்டச் சொல்லணும். உங்ககிட்டச் சொல்ற விஷயம் இல்லை அது." அவ்வளவுதான். கடைசி நாள் பக்கத்தில், இன்றோடு முடிகிறது, மற்ற வீடுகளில் கேட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தது.

எழுந்திருக்கும்போது, "அம்மா, நான்தான்னு எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள். ஹான் சொன்னார். மூன்றே மூன்று சத்தம். ஒரு காலைப்பொழுதில் படித்துவிடக்கூடியது. அவள் அதை நோட்டில் எழுதவில்லை.

ஜீ ஹியாங் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தான். "என்ன சொன்னார் அக்கா?"

தனக்கோடி அவன் விடைத்த காதுகளைப் பார்த்தாள். நோட்டில் அவனைப் பற்றியும் இருந்தது: மகன் வருகிறான், குளி, சாப்பிடு, தூங்கு என்கிறான், பிள்ளை இங்கே என்கிறான், ஆமாண்டா, இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள், தேடிக் கொண்டுவா என்கிறேன், கதவைச் சாத்திவிட்டுப் போகிறான்.

"மன்னிப்புத்தான் கேட்டிருக்காங்க தம்பி. நாம நெனச்சதுதான்."

"என்னைப் பற்றி?"

"நல்ல பையன்னு சொன்னாங்க."

அவன் சாலையோரத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனை அழவிட்டுத் தனக்கோடி பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஏன் கொடுத்தாய் என்று கேட்கத்தான் அவள் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைக் கேட்க ஆளும் இல்லை, கேட்கத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நூறாம் நாள் சடங்கு ஜீ ஹியாங் வீட்டில் நடந்தது. ஹைலாமில் ஓதுகிற பூசாரி யாரும் கிடைக்கவில்லை என்று, அம்மாவின் சொற்களையே அக்கா வாசிக்கட்டும் என்றான் அவன். புளோக் 412இலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் கோழியும் ஆரஞ்சுப் பழமும் இருந்தன. எல்லோர் கையிலும் ஊதுவத்தி. தனக்கோடி நோட்டைப் பிரித்து, கோடுகளைப் பார்த்து, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி வாசித்தாள். அப்படியே பாட்டி குரல் என்று ஜீ ஹியாங்கின் மகள் மாண்டரினில் தன் தாயிடம் கிசுகிசுத்தாள். சியூ டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். என்னை வேறு வீட்டுக்குக் கூட்டிப்போ என்ற வரி வந்தபோது லிம் பக்தியோடு தலையைத் தாழ்த்தினார்.

பிறகு அந்தப் பெயர் வந்தது. தாய் நடைவழியில் நின்று எப்படிக் கூவினாளோ அப்படியே, எதிர் புளோக் வரைக்கும் கேட்கும்படி, மூன்று தடவை தனக்கோடி கூவினாள். வந்திருந்த பதினொரு பேரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். கூப்பிடுகிற வாயும் அவளுடையதாகவே இருந்ததால், பதில் சொல்ல அங்கே வாய் இல்லை. அவள் பக்கத்தைப் புரட்டி, மறுநாள் எழுதியதை வாசிக்கத் தொடங்கினாள்.